பம்பாய்ச் சனி இரவு: ஓர் இசைத்தட்டும் அதன் கேட்பாரும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



நாம் இசைப் புலமை உடையோம் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதைத் துறையின் பார்சல் அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலம் கழிக்கின்றோம். ஆயினும் கேட்கும் செவி எல்லார்க்கும் உண்டு. கேட்டதைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமையும் எல்லார்க்கும் உண்டு. வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாதவனும் கேட்டுத் தெளியலாம் என்பதே அதன் உட்கிடை. அத்துணிவினால்தான் இம்மேடையில் நிற்கின்றோம்.

இத்தலைப்பை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வாண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலைச் செயற்குழு வகுத்தபோது ஒரு வினா எழுந்தது. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் பிள்ளைகள் சிலர், கிதாரும் தவிலும் கஞ்சிராவும் வாய்ப்பாட்டும் சேர்த்து அரைமணி நேரம் இசைக்க இடம் கேட்டனர். “இது தமிழ்ச் சங்க மேடை, கூச்சலுக்கு இடமன்று” என்றனர் சிலர். “பிள்ளைகள் வராத சங்கம் இன்னும் எத்தனை நாள் நடக்கும்?” என்றனர் வேறு சிலர். முடிவு அடுத்த பொதுக்குழுவிற்கு ஒத்திவைக்கப்பட்டது. அப்பிள்ளைகள் தமக்கு வழிகாட்டி என்று சொல்லிக் காட்டியது ஓர் இசைத்தட்டை. அத்தட்டின் பெயர் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’. பம்பாயில் ஒரு சனி இரவு என்பது அதன் பொருள். அதைப் பற்றிப் பலரும் பலவாறு சொல்லக் கேட்டோம். அக்கருத்துகளைத் தொகுத்து உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், கச்சேரித் தட்டு என்பது யாது என்று தெளிவோம். இசைத்தட்டுகள் இருவகை. ஒலிப்பதிவுக் கூடத்தில், கதவடைத்து, பிழை நேர்ந்தால் நிறுத்தி, மீண்டும் பாடிப் பதிவு செய்வது ஒருவகை. மக்கள் நிறைந்த அவையில் நிகழும் கச்சேரியை அப்படியே பிடித்து வைப்பது மற்றொரு வகை. முன்னதில் கலைஞன் மட்டுமே உளன். பின்னதில் கலைஞனோடு அவையும் உளது. கைதட்டல், இருமல், ‘ஆகா’ என்னும் குரல், சுருதி சேர்க்கும் ஓசை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். எனவே கச்சேரித் தட்டைப் பற்றிக் கருத்துரைப்போர், பாடினாரைப் பற்றி மட்டும் அன்றிக் கேட்டாரைப் பற்றியும் கருத்துரைக்கின்றனர்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1971 ஆகஸ்டு முதல் நாள், நியூயார்க்கு நகரத்து மாடிசன் சதுக்க அரங்கில் வங்காளதேச மக்களின் துயர் துடைப்பதற்காக ஒரு பெருங்கச்சேரி நிகழ்ந்தது. பண்டித ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தம் கருவிகளுக்குச் சுருதி கூட்டினர். தபேலாவுக்கு அல்லா ரக்கா அமர்ந்திருந்தார். சுருதி கூட்டி முடித்ததும் அவை ஆரவாரித்துக் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு சுவைத்தீர்களாயின் வாசிப்பதை இன்னும் சுவைப்பீர்கள் என நம்புகிறோம் என்னும் கருத்துப்பட ரவிசங்கர் புன்னகையோடு மொழிந்தார். அக்கைதட்டலும் அம்மறுமொழியும் அக்கச்சேரித் தட்டில் இன்றும் இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் இது கிட்டுமா? கிட்டாது. ஓர் அவையின் அறியாமையும் அன்பும் ஒருங்கே பதிந்த இடம் அது.

நம் தமிழகத்திற்கும் இது புதிதன்று. 1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் அவையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’ அங்கே ஒலித்தது. அதே பயணத்தில் கார்னகி மண்டபத்தில் அவர் நிகழ்த்திய கச்சேரி இசைத்தட்டாக வெளிவந்து வீடுதோறும் சென்றது. அம்மையாரின் கூடத்துப் பதிவுகள் எத்தனையோ உள. ஆயினும் அந்தக் கச்சேரித் தட்டைத் தனியே ஓர் அன்போடு போற்றுவோர் இன்றும் மாதுங்காவில் உளர். ஏனெனில், அயல்நாட்டு அவையொன்று நம் இசைக்குச் செவிசாய்த்த பொழுது அதில் உறைந்து நிற்கின்றது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட தட்டின் வரலாற்றுக்கு வருவோம். ஜான் மெக்லாஃப்லின் என்னும் கிதார்க் கலைஞர் 1942இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவை 1971இல் அமைத்து, ஜாஸ் இசையையும் ராக் இசையையும் இணைத்து, மின்கிதாரின் பேரொலியால் புகழ் பெற்றவர். அத்தகையவர் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பேரொலியிலிருந்து வீணைக்கு வந்த அப்பயணத்தின் விளைவே ‘சக்தி’ என்னும் குழு. அதில் வயலினுக்கு எல். சங்கர், தபேலாவுக்கு ஜாகிர் உசேன், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன், கடத்துக்கு விக்கு விநாயகராம். ஐவரில் மூவர் தமிழ் மரபில் வந்தவர்கள் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அக்குழுவின் முதல் தட்டும் கச்சேரித் தட்டே. 1975 ஜூலையில் நியூயார்க்கு மாநிலத்து லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் பதிவாகி 1976இல் வெளிவந்தது. பின்னும் இரு தட்டுகள் வந்தன. அதன்பின் குழு கலைந்தது.

இருபதாண்டு கழிந்தது. 1997இல் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் மீண்டும் கூடினர். ‘ரிமெம்பர் சக்தி’ என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டனர். விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். வயலின் இருந்த இடத்தில் மாண்டலின் யு. சீனிவாஸ் அமர்ந்தார். இக்குழு 2000 டிசம்பரில் நம் நகரில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவே நாம் பேசும் தட்டு, 2001இல் வெளிவந்தது. நகரின் பெயர் 1995இலேயே மும்பை என மாறிவிட்டது. ஆயினும் தட்டின் பெயரில் பம்பாய் என்றே நின்றது. பழம்பெயரை நாவினின்று அகற்ற மனம் இல்லாதார் நம்மிடையேயும் பலர் அல்லரோ?

தட்டில் உள்ளவை நான்கே உருப்படிகள். ஆனால் விருந்தினரோ பலர். சந்தூர் வாத்தியத்திற்குப் பண்டித சிவகுமார் சர்மா, இந்துஸ்தானிக் கிதாருக்குத் தேபாசிஷ் பட்டாசார்யா, பக்காவாஜுக்குப் பவானி சங்கர், தாளக்கருவிகளுக்கு ஜாகிரின் இளவல் தௌஃபிக் குரேஷி, டிரம்ஸுக்குச் சென்னையின் சிவமணி, தவிலுக்கு ஏ.கே. பழனிவேல், வாய்ப்பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலும் யாழும் தண்ணுமையும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேர்ந்து இசைந்த முறையைப் படித்தோர்க்கு, இத்துணைக் கருவிகள் ஒரே மேடையில் கூடியது வியப்பாகத் தோன்றாது.

இவர்களுள் இருவர் நமக்கு அண்டை வீட்டார். ஜாகிர் உசேன் மாகிமில் வளர்ந்தவர். சங்கர் மகாதேவன் செம்பூரில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழர். பொறியியல் பயின்று கணிப்பொறித் துறையில் பணியாற்றியபின் இசைக்கே தம்மை ஒப்படைத்தவர். இருப்புப்பாதைக் கணக்கில் சொல்வதாயின், செம்பூரில் மின்சார ரயில் ஏறி வடாலா ரோட்டில் வண்டி மாறினால், கிங்ஸ் சர்க்கிளை அடுத்த நிலையம் மாகிம். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினால் நம் சண்முகானந்தா மண்டபம். ஒருபுறம் மேற்கு வழித்தடமும் மறுபுறம் மத்திய வழித்தடமும் செல்ல, இடையே கிடப்பது தாராவி. உலகம் சுற்றி வந்த இந்தத் தட்டின் இரு பெருங்குரல்களும், நாம் நாள்தோறும் பயணச்சீட்டு எடுக்கும் நிலையங்களிலிருந்து புறப்பட்டவையே.

இனிக் கேட்டார் கருத்துகளைக் கேளுங்கள்.

முதலாவது, மாதுங்காப் பெரியவர் ஒருவர். ஐம்பதாண்டாகச் சபைக் கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து, தொடையில் தாளமிட்டுக் கேட்டவர். தட்டை முழுதும் கேட்டபின் அவர் எம்மிடம் சொன்னார்: “தம்பி, வித்துவத்துல குறையே சொல்ல முடியாது. ஆனா கீர்த்தனையைத் தொட்டுட்டு ஓடிடறா. தாளக்காரா எல்லாம் சேர்ந்துண்டு அடிக்கறப்போ நேக்கு ராகம் எங்க போச்சுன்னே தெரியல.” அவர் குறிப்பிட்டது ‘கிரிராஜசுதா’ என்னும் தியாகராசர் கிருதியை. பங்காள ராகத்தில் அமைந்த பிள்ளையார் பாடல் அது. சங்கர் மகாதேவன் பாடியிருக்கின்றார். கிருதி என்பது ஒரு வீடு. அதன் பல்லவியில் நுழைந்து அனுபல்லவி வழியாகச் சரணத்தில் தங்கி வரவேண்டும். திண்ணையில் அமர்ந்து பேசிவிட்டுத் திரும்பினால் வீட்டைப் பார்த்ததாகுமா என்பது அப்பெரியவர் வினா.

இவ்வினாவை நாம் எள்ளி ஒதுக்கோம். அதில் உண்மை உண்டு. கைதட்டல் விரைவுக்கே கிடைக்கும். விளம்பத்திற்குக் கிடைப்பது அரிது. இரு கருவிகள் கேள்வியும் விடையுமாய்ப் போட்டியிடும்போது அவை எழுந்து ஆரவாரிக்கும். அந்த ஆரவாரத்தைக் கேட்ட கலைஞன் மேலும் விரைவான். விரைவு மிக மிக, ராகத்தின் உருவம் தேயும். இது இக்குழுவுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் சபைகளின் தனி ஆவர்த்தனங்களிலும் காண்பதே. ஆயினும் அதே தட்டில் ‘சிருங்கார்’ என்னும் உருப்படியை அப்பெரியவர்க்கு மீண்டும் ஒருமுறை போட்டுக் காட்டினோம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீள்வது அது. சந்தூரும் கிதாரும் ஒன்றையொன்று தேடிப் பையப் பையப் பேசுகின்றன. விரைவு இல்லை, போட்டி இல்லை. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், “இதுக்குக் கை தட்டினவாளைச் சொல்லணும்” என்றார். பொறுமையோடு கேட்ட அவையும் அதே தட்டில் இருக்கின்றது என்பதை அவர் செவியே கண்டறிந்தது.

இரண்டாவது கருத்து, எம் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மூத்த நண்பர் ஒருவருடையது. 1976இல் வந்த பழைய சக்தித் தட்டின்மேல் தீராக் காதல் கொண்டவர். அவர் வழக்கே வேறு. “பழைய சக்திதான் சக்தி. ஐவர் அமர்ந்தார்கள், ஒருவர் மூச்சு விட்டால் மற்றவர்க்குக் கேட்கும். பம்பாய்த் தட்டு கலியாண வீடு, வந்தவர்க்கெல்லாம் இலை போட வேண்டியிருந்தது” என்பார். மேலும் ஒரு நுட்பம் சொல்வார். பழைய சக்திக் குழுவில் மெக்லாஃப்லின் வாசித்தது கிப்சன் நிறுவனம் தனியே செய்து தந்த கிதார். அதன் முதன்மைத் தந்திகளுக்குக் கீழே குறுக்காக ஏழு சுருதித் தந்திகள் ஓடும். மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தனர். பள்ளம் இருப்பதால் விரல் தந்தியை ஆழ அழுத்தலாம். அழுத்தினால் சுரம் அசையும். வீணையின் கமகம் கிதாரிலும் வரும். இருபதாண்டுக்குப் பின் கூடிய குழுவில் அவர் வாசித்ததோ மின்கிதார். அதன் ஒலி மென்மையாய் உருண்டு செல்லும். பழைய தந்திகளின் ரீங்காரம் அதில் இல்லை. எம் நண்பர்க்கு அந்த ரீங்காரமே சக்தியின் உயிர்.

இது வெறும் பழமைப் பற்று அன்று; காதால் அளந்து சொன்ன குறை. ஆயினும் ஒன்று காண்க. கிதாரில் இழந்த கமகம் மாண்டலினில் மீண்டது. மாண்டலின் இத்தாலி நாட்டுக் கருவி. இரட்டை இரட்டையாய் எட்டுத் தந்திகள் பூண்டது. இரட்டைத் தந்தியில் கமகம் பிறப்பது அரிது. சீனிவாஸ் அவற்றை ஐந்து ஒற்றைத் தந்திகளாக மாற்றி, மின்னாற்றலால் ஒலியை நீட்டி, கருநாடக இசை முழுவதையும் அச்சிறு கருவியில் வாசித்துக் காட்டினார். இளம் பிள்ளையாய் அவர் மேடையேறிய காலத்தில், ‘இந்தக் கருவிக்கு நம் மேடையில் என்ன வேலை?’ என்று கேட்டாரும் உளர். சந்தூரைப் பற்றியும் அவ்வாறே கேட்டனர். காஷ்மீரத்துச் சூஃபிப் பாடல்களுக்குத் துணைநின்ற அக்கருவியைச் சாத்திரிய மேடைக்கு ஏற்றிய சிவகுமார் சர்மாவை, ‘தட்டி எழுப்பும் ஓசையில் மீண்டு எப்படி வரும்?’ என்று வினவினர். அவ்வளவு ஏன்? வயலினே வந்த கருவிதானே! முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் வயலினைப் பயின்று நம் இசைக்கு ஆக்கினார். இன்று வயலின் இல்லாக் கச்சேரி உண்டா? நேற்று அயலாய் வந்த கருவி இன்று நடுவீட்டில் அமர்ந்திருக்கின்றது. கருவி எந்நாட்டது என்பதை விடுத்து, அதில் பண் நிற்கின்றதா என்று வினவுவதே நடுநிலையாகும்.

மூன்றாவது கருத்து செம்பூரில் பாட்டு வகுப்பு நடத்தும் அம்மையார் ஒருவருடையது. “இந்தத் தட்டினால் எனக்கு நன்மையும் உண்டு; தொல்லையும் உண்டு” என்றார் அவர். நன்மையாவது, பாட்டு வகுப்பைக் கசப்பு மருந்தாய் எண்ணியிருந்த பிள்ளைகள், தாமே வந்து அந்தப் பங்காள ராகக் கிருதியைக் கற்றுத் தருமாறு கேட்கின்றனர். ‘செம்பூர்க்காரர் பாடியது’ என்ற பெருமையும் அதில் கலந்திருக்கின்றது. தொல்லையாவது, சரளி வரிசையும் வர்ணமும் தேறாமலே அவர் பாடும் விரைவைப் பாட முற்படுகின்றனர். சங்கர் மகாதேவன் சிறுபிள்ளையாய் வீணையும் வாய்ப்பாட்டும் பயின்ற ஆண்டுகள் தட்டில் கேட்பதில்லை. அவற்றின் பயன் மட்டுமே கேட்கின்றது என்றார் அம்மையார். எத்துணைப் பொருள் பொதிந்த சொல்! தட்டு என்பது விளைந்த கதிர். உழுத காலும் நீர் இறைத்த கையும் அதில் தெரியா. பிள்ளைகள் இதை நெஞ்சில் கொள்ளல் வேண்டும். மெக்லாஃப்லினே இதற்குச் சான்று. தம் பெயர் உலகெங்கும் பரவிய பின்னரும் வீணை ஆசிரியர்முன் மாணவராய் அமர்ந்தவர் அவர். நம் கொன்னக்கோலைக் கற்றுத் தேர்ந்து, செல்வகணேஷோடு சேர்ந்து 2007இல் அதற்கெனப் பாடப்படம் ஒன்றும் வெளியிட்டார். ‘தகதிமி’ சொல்லக் கூசும் நம் வீட்டுப் பிள்ளைகட்கு அந்த ஆங்கிலேயர் சொல்லித் தருகின்றார்!

நான்காவது கருத்தே எம்மை மிகுதியும் தொட்டது. தாராவியில், நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவன். பகலில் தோல்பைப் பட்டறையில் வேலை; திருவிழா நாள்களில் தவில். அவன் சொன்னதை அவன் சொல்லிலேயே தருகின்றோம்: “அண்ணாச்சி, எங்க தெருவுல கொடை நடந்தா தவில் வேணும். கலியாணத்துக்கு வேணும். சாமி புறப்பாட்டுக்கு வேணும். சபா மேடைக்குன்னா மட்டும் மிருதங்கத்தக் கூப்பிடுவாங்க. அந்தத் தட்டுல ஜாகிர் உசேன் பக்கத்துல ஒரு தவில் பேசுதுல்லா? அதக் கேட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.”

அவையீர், இச்சொல்லைச் சிறிது எண்ணுங்கள். தவில் எளிய கருவியன்று. வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து, தோள் நோக வாசிக்கும் கருவி. நாகசுரத்தின் பேரொலிக்கு ஈடுகொடுத்து, திறந்த வெளியில் இரவெல்லாம் நிற்கும் கருவி. அதன் கணக்கு நுட்பம் கடலினும் பெரிது என்று மிருதங்க வித்துவான்களே போற்றுவர். ஆயினும் தெருவுக்குத் தவில், அவைக்கு மிருதங்கம் என்று எழுதாத சட்டம் ஒன்று நம்மிடையே நடந்து வருகின்றது. அந்தப் பம்பாய்க் கச்சேரியில் பஞ்சாப் கரானாத் தபேலாவும், வடநாட்டுப் பக்காவாஜும், தமிழகத்துக் கஞ்சிராவும் தவிலும், மேனாட்டு டிரம்ஸும் ஒரே விரிப்பில் அமர்ந்தன. ‘நீ தெரு, நான் அவை’ என்று ஒன்றும் மற்றொன்றைக் கேட்கவில்லை. நாம் அதைக் கேட்டுப் பெருமைப்படுகின்றோம். ஆனால் தாராவிப் பிள்ளை தன் தவிலைத் தூக்கிக்கொண்டு நம் சங்க வாயிலில் நின்றால், ‘அரைமணி தரலாமா?’ என்று பொதுக்குழு கூட்டுகின்றோம். உலக மேடையில் கண்டு கைதட்டியதை உள்ளூர் மேடையில் கண்டு முகம் சுளிப்பது முறையாகுமா?

கச்சேரித் தட்டுகளைப் பற்றிப் பொதுவாக மற்றொரு கருத்தும் உண்டு. ‘நேரில் கேட்பதே கேள்வி, தட்டு நிழலே’ என்பர் சிலர். 2000ஆம் ஆண்டில் இது பெரிதும் உண்மையாய் இருந்திருக்கலாம். இன்று அது நிற்குமா? காலம் என்ன செய்தது என்று பாருங்கள். யு. சீனிவாஸ் 2014 செப்டம்பர் 19ஆம் நாள் தம் நாற்பத்தைந்தாம் அகவையில் மறைந்தார். பண்டித சிவகுமார் சர்மா 2022 மே மாதம் மறைந்தார். சக்திக் குழு மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் என்று மீண்டும் கூடி, ‘திஸ் மொமெண்ட்’ என்னும் தட்டை 2023இல் வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. செம்பூரும் சென்னையும் அவ்விருதில் பங்கு பெற்றன. அவ்வாண்டு முடியுமுன், டிசம்பர் 15ஆம் நாள், ஜாகிர் உசேனும் சான் பிரான்சிஸ்கோவில் கண் மூடினார்.

ஆகவே, அந்தச் சனி இரவில் கூடிய அவ்வவை இனி ஒருநாளும் கூடப்போவதில்லை. நேரில் கேட்கலாம் என்று சொல்வார்க்கு நேர் எங்கே இருக்கின்றது? நிழல் என்று இகழ்ந்த அத்தட்டே இன்று எஞ்சிய மெய். மாதுங்காப் பெரியவரின் குறையும், எம் நண்பரின் ஏக்கமும், அம்மையாரின் கவலையும், தவில் பிள்ளையின் உறக்கமின்மையும் அத்தட்டு இருப்பதனால்தான் பிறந்தன. பதிவு செய்யாது விட்டிருந்தால், கருத்து வேறுபடுவதற்கும் நமக்கு ஒன்றும் இருந்திராது.

இதை எண்ணும்போது எம் நெஞ்சம் நம் சங்க அலுவலகத்து இரும்பு அலமாரியை நோக்கிச் செல்கின்றது. அதன் கீழ்த்தட்டில் பழைய ஒலிநாடாப் பேழைகள் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன. முந்தைய ஆண்டுவிழாக்களில் பேசிய புலவர்கள், பாடிய பிள்ளைகள், நடித்த நாடகங்கள் ஆகியவை அவற்றில் உள்ளன. மும்பையின் மழைக்காலம் நாடாவுக்குப் பகை. ஈரம் ஏறினால் பூசணம் பூக்கும். சுருளின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும். காந்தப் பூச்சு உதிரும். பல பேழைகளின்மேல் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. எம் பார்சல் அலுவலகத்து அனுபவத்தில் ஒன்று சொல்வோம்: சீட்டு ஒட்டாத மூட்டை எத்துணை விலையுயர்ந்ததாயினும் உரியவரைச் சேராது, அது கிடங்கில் கிடந்து கேட்பாரற்று அழியும். நம் குரல்களும் அவ்வாறு அழிய விடலாமா? அப்பேழைகளில் பேசியோர் பலர் இன்று நம்மிடை இல்லை. அவர்தம் மக்களும் பெயர்த்திகளும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றீர்கள்.

எனவே சங்கத்தின் முன் இரு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, அடுத்த மழைக்காலம் வருமுன் அந்நாடாக்கள் அனைத்தையும் கணிப்பொறிப் பதிவுகளாக மாற்றுதல் வேண்டும். செம்பூர்ப் பிள்ளைகள் பலர் இவ்வேலை அறிந்தவர்கள். நாடாவைச் சுழற்ற ஒரு நல்ல கருவி கிடைத்தால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் நாள், இடம், பாடியவர் பெயர், வாசித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்ல வல்ல முதியோர் இன்னும் நம்மிடை உளர். அவர்களை அழைத்து அமர்த்திக் கேட்க வேண்டும். படி ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைத்தல் நலம். பெயரெழுதும் பணியை நாம் ஊதியமின்றி ஏற்கின்றோம். எழுதுவது எம் தொழிலே அன்றோ?

இரண்டாவது, அப்பிள்ளைகட்கு அந்த அரைமணியைத் தருதல் வேண்டும். கட்டுப்பாடு இன்றித் தருமாறு நாம் கேட்கவில்லை. ஒரு பாடலையேனும் பல்லவி முதல் சரணம் வரை முழுமையாய்ப் பாடல் வேண்டும். இது மாதுங்காப் பெரியவரின் பங்கு. ஒலிபெருக்கியின் அளவு முதியோர் செவிக்குத் தாங்குமாறு இருத்தல் வேண்டும். மேடைக்கு வருமுன் செம்பூர் அம்மையார் போன்ற ஒருவர்முன் வாசித்துக் காட்டித் திருத்தம் பெறல் வேண்டும். மூத்தோர்க்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவ்வரைமணியும் எழுந்து போகாமல் இருக்கையில் அமர்ந்து கேட்டல் வேண்டும். கேட்டபின் குறை சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் ஏற்றுக்கொள்வர். கேளாமலே சொல்லும் குறைக்கு மறுமொழி இல்லை.

அவ்வரைமணியையும் பதிவு செய்து, நாளும் பெயரும் எழுதி, அந்த அலமாரியிலேயே வைப்போம். அவர்கள் வாசித்தது நன்றா தீதா என்பதை நம் பேரப்பிள்ளைகள் கேட்டு வாதிடட்டும்.

பொதுக்குழு அடுத்த திங்கள் கூடுகின்றது. இக்கருத்துகளை மனத்தில் இருத்தி வாக்களிக்குமாறு பணிந்து வேண்டுகின்றோம்.